காத்தாடி சொன்ன ஸ்கோர்



கடந்த ஜூலை 29ஆம் தேதி மாலை ஆறு மணி இருக்கும். எங்கள் பிளாக்கில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் கொல்கத்தா குடும்பத்துப் பையன் வீட்டு மணியை அடித்தான். கையில் ஒரு சின்ன டப்பா. அதில் நான்கு சந்தேஷ். பச்சையும் அரக்கும் பட்டை போட்ட பனியன் அணிந்திருந்தான். இங்கேயே பள்ளியில் படிப்பதால் தமிழ் நன்றாகப் பேசுவான்.

"என்ன தம்பி, பிறந்த நாளா?" என்று கேட்டேன்.

"இல்ல அங்கிள். இன்னைக்குத்தான் எங்க டீம் ஷீல்டு ஜெயிச்ச நாள்."

"அப்படியா, எப்போ? போன வருஷமா?"

"1911 அங்கிள்."

உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி சிரித்துவிட்டாள். நூறு வருஷத்துக்கு முன்னால் நடந்த பந்தாட்டத்துக்கு இன்றைக்கு ஸ்வீட்டா என்று அவளுக்கு ஆச்சரியம். எனக்கு ஆச்சரியமில்லை. அந்த ஆட்டத்தின் கதையை 1989லேயே கொல்கத்தாவில் ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அதைத்தான் இந்த இதழுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நான் விளையாட்டு வீரனும் அல்ல, சரித்திரப் பேராசிரியரும் அல்ல. பி.காம். முடித்து, வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, அதிலேயே ஓய்வு பெற்றவன். வரவையும் செலவையும் டேலி செய்து பழகிய கண்ணோடு இந்தக் கதையைப் பார்க்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது என்ன ஷீல்டு?

முதலில் பின்னணி. மோகன் பகான் என்பது கொல்கத்தாவில் 1889ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி தொடங்கப்பட்ட கிளப். ஆமாம், ஆகஸ்ட் 15தான். அந்தத் தேதி பின்னால் நாட்டுக்கே முக்கியமாகப் போகிறது என்று அன்று யாருக்கும் தெரியாது. வடக்குக் கொல்கத்தாவில் 'மோகன் பகான் வில்லா' என்ற மாளிகைத் தோட்டத்தில் பிறந்ததால் அந்தப் பெயர்.

ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்பது 1893இல் ஆரம்பித்த போட்டி. கேடயம்தான் பரிசு. அந்தக் காலத்தில் இந்தியாவில் கால்பந்து என்றால் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பட்டாளத்து அணிகள்தான். நம்மவர்கள் அங்கங்கே ஓரிரு ஆட்டம் ஜெயித்தது உண்டு. 1892இல் ஷோபாபஜார் என்ற கொல்கத்தா கிளப், டிரேட்ஸ் கப் போட்டியில் ஈஸ்ட் சர்ரே ரெஜிமெண்ட் அணியைத் தோற்கடித்தது. ஆனால் ஷீல்டை மட்டும் இந்திய அணி எதுவும் தொட்டதில்லை.

காலத்தையும் பாருங்கள். 1905இல் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்தது. அந்நியத் துணியைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். இன்னொரு பக்கம், வங்காளிகள் உடம்பில் வலுவில்லாதவர்கள், பேனா பிடிக்கத்தான் லாயக்கு என்று வெள்ளைக்காரர்கள் ஒரு தலைமுறைக்கும் மேலாக எழுதியும் பேசியும் வந்தார்கள். மெக்காலே ஆரம்பித்து வைத்த பேச்சு அது. கேட்கிறவனுக்கே கொஞ்ச நாளில் நம்பிக்கை வந்துவிடுமில்லையா, நமக்கு வலுவில்லைதான் போலிருக்கிறது என்று? அப்படியொரு சூழ்நிலையில்தான் 1911 ஜூலையில் மோகன் பகான் களத்தில் இறங்கியது.

பத்துப் பேர் வெறுங்கால், ஒருவர் மட்டும் பூட்ஸ்

பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் போட்டவர் ஒரே ஒருவர், சுதிர் சட்டர்ஜி. அவர் கிறிஸ்தவர், கல்லூரி ஆசிரியர். கேப்டன் சிப்தாஸ் பாதுரி. அவருடைய அண்ணன் பிஜய்தாஸ் பாதுரியும் அதே முன்வரிசையில் ஆடினார். நடுவில் அபிலாஷ் கோஷ் என்ற கல்லூரி மாணவர். கோல் கீப்பர் ஹிராலால் முகர்ஜி. எதிரில் கனமான பூட்ஸ் மாட்டிய சிப்பாய்கள். அந்தப் பூட்ஸ் உங்கள் வெறுங்கால் விரல் மேல் இறங்கினால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

ஜூலை 10 முதல் 29 வரை இருபது நாளில் ஆறு ஆட்டம். முதலில் செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியை 3க்கு 0, அடுத்து ரேஞ்சர்ஸை 2க்கு 1, பிறகு ரைஃபிள் பிரிகேடை 1க்கு 0. அரையிறுதியில் மிடில்செக்ஸ் ரெஜிமெண்டோடு 1க்கு 1 என்று சமமானது. திரும்ப ஆடியபோது 3க்கு 0. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கூட்டம் பெருகிக்கொண்டே போனது. இறுதி ஆட்டம் ஜூலை 29, சனிக்கிழமை. கல்கத்தா ஃபுட்பால் கிளப் மைதானம். எதிரணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட்.

அன்றைய கூட்டத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஈஸ்ட் இந்தியன் ரயில்வே ஸ்பெஷல் ரயில் விட்டது. ஹூக்ளி ஆற்றில் கூடுதல் நீராவிப் படகுகள் ஓடின. டாக்காவிலிருந்தும் அசாமிலிருந்தும்கூட ஆட்கள் வந்து இறங்கினார்கள். இரண்டு ரூபாய் டிக்கெட் பதினைந்து ரூபாய்க்குக் கைமாறியதாகச் சொல்கிறார்கள். அந்நாளில் அது ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளத்தில் பெரும் பங்கு. உள்ளே இடமில்லாதவர்கள் மரத்தில் ஏறினார்கள். மரப்பெட்டிகளைக் கொண்டு வந்து, அதன் மேல் ஏறி நிற்க வாடகை வாங்கியவர்களும் உண்டு. எங்கே கூட்டமோ அங்கே வியாபாரம்!

அதற்கும் வழியில்லாமல் தூரத்தில் நின்றவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு ஆட்டம் தெரியாது, முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். வானொலி ஒலிபரப்பு இல்லாத காலம். கோல் விழுந்தால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஸ்கோரை எழுதிக் காத்தாடியில் ஏற்றிப் பறக்கவிட்டார்கள்.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் ஈஸ்ட் யார்க்‌ஷயரின் ஜாக்சன் ஃப்ரீ கிக்கில் முதல் கோல் போட்டார். மைதானம் அடங்கிப்போனது. சிறிது நேரத்தில் கேப்டன் சிப்தாஸ் பாதுரி பதில் கோல் போட்டுச் சமன் செய்தார். கடைசி நிமிடங்களில் சிப்தாஸ் தள்ளிக்கொடுத்த பந்தை அபிலாஷ் கோஷ் வலைக்குள் அடித்தார். 2க்கு 1. ஷீல்டு முதல் முறையாக ஓர் இந்திய அணியின் கைக்கு வந்தது.

முதுகை மட்டும் பார்த்த சிறுவன்

இனி என் நண்பர் கதை. 1989இல் வங்கி ஊழியர் சங்க மாநாட்டுக்காக நாங்கள் ஏழெட்டுப் பேர் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் கொல்கத்தா போனோம். அங்கே எங்களைக் கவனித்துக்கொள்ள ஒரு மூத்த எழுத்தரை விட்டிருந்தார்கள். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். அந்த ஊர் வழக்கப்படி அவரை 'தாதா' என்றுதான் கூப்பிட வேண்டும். அதாவது அண்ணன். நம் ஊரில் தாதா என்றால் வேறு அர்த்தம் என்று நான் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து எனக்கு எழுதும் கடிதத்தில் எல்லாம் 'இப்படிக்கு உங்கள் தாதா' என்றே கையெழுத்துப் போடுவார்.

மாநாடு முடிந்த மறுநாள் அவர் எங்களுக்கு விக்டோரியா நினைவு மண்டபத்தைக் காட்டிவிட்டு, என்னை மட்டும் மைதான் பக்கம் அழைத்துப் போனார். கொல்கத்தாவில் 'மைதான்' என்றால் ஃபோர்ட் வில்லியம் கோட்டையைச் சுற்றிய பெரும் புல்வெளி. கிளப்புகளின் மைதானங்கள் எல்லாம் அதில்தான். ஓர் இடத்தில் நிறுத்தி, "என் தாத்தா இங்கேதான் எங்கோ நின்றார்" என்றார்.

அவர் தாத்தாவுக்கு அப்போது பதினைந்து வயது. ஆற்றங்கரை ஊரிலிருந்து நீராவிப் படகில் வந்தவர். டிக்கெட்டுக்குக் காசில்லை. மரத்தில் ஏறலாம் என்றால் கிளையெல்லாம் நிறைந்திருந்தது. கூட்டத்துக்கு வெளியே நின்றார். ஒரு காத்தாடி எழுந்தது. ஈஸ்ட் யார்க் ஒன்று, மோகன் பகான் பூஜ்யம். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். பிறகு உள்ளே ஒரு சத்தம், இன்னொரு காத்தாடி. கடைசிச் சத்தம் வந்தபோது காத்தாடிக்கு யாரும் காத்திருக்கவில்லை. சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. தெரியாத மனிதர்கள் அவரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். செருப்பு ஒன்று போய்விட்டது. வீட்டுக்குப் போனால் அடி விழும் என்று நினைத்தார். அப்பா செருப்பைப் பற்றிக் கேட்கவே இல்லையாம்.

"ஆகவே என் தாத்தா ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. காத்தாடியைத்தான் பார்த்தார். ஆனால் சாகும் வரைக்கும் 'நான் பார்த்தேன்' என்றுதான் சொன்னார்" என்றார் நண்பர். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கள் பாட்டி மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள். இவர் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தவர் என்பாள்" என்று கண்ணைச் சிமிட்டினார். "கொல்கத்தாவில் எல்லோருடைய தாத்தாவும் அன்று மைதானில் இருந்தார். அத்தனை பேரும் வந்திருந்தால் ஹூக்ளி ஆற்றுக்குள்தான் நின்றிருக்க வேண்டும்."

அதே வருஷக் கடைசியில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல் மோகன் பகான் நூற்றாண்டுக்காக அந்த ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட தபால் தலை. அந்த உறையை இன்றும் வைத்திருக்கிறேன்.

டேலி ஆகாத கணக்குகள்

இப்படி ஒரு கதையைக் கேட்டால் எங்களைப் போன்றவர்களுக்குக் கை சும்மா இருக்காது. எது டேலி ஆகிறது, எது ஆகவில்லை என்று பார்க்கத் தோன்றும். ஓய்வுக்குப் பிறகு நேரம் நிறைய இருந்ததால் கிடைத்ததைப் படித்துப் பார்த்தேன். மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, கூட்டத்தின் எண்ணிக்கை. அறுபதாயிரம் என்பார்கள், எண்பதாயிரம் என்பார்கள், ஒரு லட்சம் என்பவர்களும் உண்டு. வேலியே இல்லாத புல்வெளியில் நின்றவர்களை யார் எண்ணியிருக்க முடியும்? ஆகவே இந்தக் கணக்கு முடியாது. ஆனால் ரயில் விட்டதும் படகு விட்டதும் வியாபாரக் கணக்கு. காசு வராத இடத்தில் ரயில்வே கம்பெனி ஸ்பெஷல் விடாது. கூட்டம் சாதாரணமானது இல்லை என்பதற்கு அது போதும்.

இரண்டாவது, கொடிக் கதை. ஆட்டம் முடிந்து வெளியே வந்த வீரர்களிடம் ஒரு முதியவர், ஃபோர்ட் வில்லியம் கோட்டையில் பறந்த யூனியன் ஜாக் கொடியைக் காட்டி, "இதை ஜெயித்தீர்கள், அது எப்போது இறங்கும்?" என்று கேட்டாராம். "அடுத்த முறை நாங்கள் ஷீல்டு ஜெயிக்கும்போது" என்று பதில் வந்ததாம். பதில் சொன்னவர் யார் என்பதிலேயே ஆளுக்கொரு பேர் சொல்கிறார்கள். கேட்டவர் யார் என்பதும் நிச்சயமில்லை. வவுச்சர் இல்லாத என்ட்ரி. ஆடிட்டர் பார்த்தால் சிவப்பு மையில் கோடு போட்டுவிடுவார்.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். மோகன் பகான் 1923இல் ஷீல்டு இறுதிக்கு வந்து தோற்றது. 1940இல் வந்தது, தோற்றது. 1945இல் வந்தது, அப்போதும் தோற்றது. நடுவே 1936இல் முகமதன் ஸ்போர்ட்டிங் ஷீல்டை வென்று, அந்தப் பெருமையைப் பெற்ற இரண்டாவது இந்திய அணியாகிவிட்டது. மோகன் பகானுக்கு அடுத்த ஷீல்டு கிடைத்த வருஷம் எது தெரியுமா? 1947. இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்காலை 1க்கு 0 என்று வென்றது. கொடி இறங்கிய அதே வருஷம்.

வங்கியில் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் வைப்போம். தள்ளவும் மாட்டோம், ஏற்கவும் மாட்டோம். என்றைக்காவது அதற்கான தாள் வரும், அன்று நேர் செய்வோம். அந்தக் கொடிக் கதை முப்பத்தாறு வருஷம் ரசிகர்களின் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் கிடந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவேளை 1947க்குப் பிறகுதான் யாரோ பழைய தேதி போட்டு அந்த என்ட்ரியை எழுதினார்களோ என்னவோ! எனக்கு அந்தச் சந்தேகமும் உண்டு. நண்பரிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்படி இருந்தாலும், எழுதினவன் சரியான பக்கத்தில்தான் எழுதியிருக்கிறான்" என்றார்.

மூன்றாவது, கொஞ்சம் பெரிய விஷயம். இந்தத் தோல்விக்குப் பயந்துதான் பிரிட்டிஷ்காரர்கள் தலைநகரைக் கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றினார்கள், வங்காளப் பிரிவினையையும் ரத்து செய்தார்கள் என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். 1911 டிசம்பர் 12ஆம் தேதி டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இரண்டையும் அறிவித்தது உண்மை. ஆனால் அந்த யோசனையை அரசின் உள்துறை உறுப்பினர் ஜான் ஜென்கின்ஸ் ஜூன் மாதமே எழுத்தில் கொடுத்துவிட்டார். ஆட்டம் நடந்ததோ ஜூலையில். காரணம் பின்னால் வந்து காரியம் முன்னால் நடக்காது. ஆகவே இந்தக் கணக்கை மட்டும் நான் தயங்காமல் அடித்துவிடுகிறேன்.

அடித்த பிறகு என்ன மிச்சம்? அதுதான் முக்கியம். கோட்டையில் கொடி அப்படியே பறந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போனவர்களுக்கு அதே வெள்ளைக்கார மேலதிகாரி, அதே மேசை. ஆனால் உனக்கு வலுவில்லை என்று சொன்னவனை, அவனுடைய ஆட்டத்தில், அவன் எழுதிய விதிப்படி, அவன் ஊர் நடுவர் விசிலூத, வெறுங்காலோடு ஜெயித்தாகிவிட்டது. இதை யாரும் ரத்து செய்ய முடியாது. அன்று ஆனந்தக் கூத்தாடியவர்களில் முஸ்லிம் கிளப்பைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்று அன்றைய பத்திரிகை ஒன்று எழுதியது. அணியில் இந்துக்களும் ஒரு கிறிஸ்தவரும், வெளியே ஆடிப் பாடியதில் எல்லோரும். அந்தத் தாத்தா தூக்கப்பட்டது யார் தோளில் என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது.

இறாலும் ஹில்சாவும்

நினைவு என்பது அப்படியே இருந்துவிடாது, கை மாறும்போது கொஞ்சம் உருமாறும். 1920இல் ஈஸ்ட் பெங்கால் கிளப் ஆரம்பமானது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். பிரிவினைக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களுக்கு அந்த கிளப்தான் சொந்த ஊர் மாதிரி. மோகன் பகான் ஜெயித்தால் அவர்கள் வீட்டில் இறால் சமைப்பார்கள். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன், நம் ஊரில் உல்லம் என்போமே அது. தோற்ற பக்கத்து வீட்டில் அன்று அடுப்பே எரியாது என்பார் நண்பர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1911இல் ஷீல்டு ஜெயித்தவர்களில் பலருடைய பூர்வீகம் கிழக்கு வங்காளம்தான். ஆகவே ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள், "அது எங்கள் ஆட்கள் ஜெயித்தது" என்பார்கள். ஒரே வெற்றிக்கு இரண்டு வாரிசுதாரர்கள். சொத்துத் தகராறில் பொதுவாக ஆளுக்குப் பாதிதான் வரும். நினைவில் மட்டும் இரண்டு பேருக்கும் முழுசாகக் கிடைக்கிறது.

அந்தப் பதினோரு பேரையும் 'அமர் ஏகாதஷ்' என்று அழைக்கிறார்கள். சாகாத பதினோரு பேர் என்று பொருள். ஜூலை 29ஐ 'மோகன் பகான் தினம்' என்று கொண்டாடுகிறார்கள். 2001 முதல் அன்று 'மோகன் பகான் ரத்னா' விருது கொடுக்கிறார்கள். நூற்றாண்டான 2011இல் அந்த ஆட்டத்தை வைத்து 'ஏகாரோ' என்ற வங்காளப் படமே வந்தது. ஏகாரோ என்றால் பதினொன்று. பார்த்தவர்கள் ஒருவர்கூட இல்லாத பிறகும் ஒரு நினைவு இப்படி நடமாடுகிறது.

பெயர் போன கதை

இப்போது சமீபத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இதில் எனக்கும் கொஞ்சம் சம்பந்தம் உண்டு.

2020ஆம் ஆண்டு நான் வேலை பார்த்த வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்தது. எங்கள் கிளையில் பெயர்ப் பலகையைக் கழற்றியபோது, அந்தப் பக்கமாகப் பால் வாங்கப் போனவன் நின்று பார்த்தேன். பென்ஷன் ஒழுங்காக வருகிறது, ஒரு குறையும் இல்லை. ஆனாலும் நீங்கள் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், இல்லாத ஒரு பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் ஸ்டாம்பில் குத்திக் குத்திக் கையில் பதிந்த பெயர்.

அதே 2020இல் மோகன் பகானின் கால்பந்து அணி, ஐ.எஸ்.எல். போட்டியில் ஆடுவதற்காக ஏ.டி.கே. என்ற அணியோடு இணைந்தது. பெயர் 'ஏ.டி.கே. மோகன் பகான்' என்றானது. பச்சை அரக்கு நிறம் இருந்தது, சின்னத்தில் பாய்மரப் படகும் இருந்தது. ஆனால் பெயருக்கு முன்னால் வேறு மூன்று எழுத்து. அந்த வருஷம் ஜூலை 29 அன்று நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் நாஸ்டாக் விளம்பரப் பலகையில் மோகன் பகான் ஒளிர்ந்தது. உலகம் முழுவதும் பார்த்தார்கள். ரசிகர்களுக்கோ பெயர் போன வருத்தம்.

நண்பர் அன்று தொலைபேசியில் பேசினார். எழுபத்தைந்து வயது. "உங்கள் வங்கிக்கும் பெயர் போயிற்று, என் கிளப்புக்கும் பெயர் போயிற்று. நாம் இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் முகவரி இல்லாதவர்களானோம்" என்றார். நான் சமாதானம் சொன்னேன். முதலீடு வேண்டும், காலத்துக்கேற்ப மாற வேண்டும், கிளப் இருந்தால் போதாதா என்றேன். "என் தாத்தா காத்தாடியில் படித்த பெயர் அது. அதில் மூன்று எழுத்து கூட இல்லை" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நாங்கள் வங்கிக்காரர்கள் இணைப்பு வேண்டாம் என்று ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தோம், அதோடு சரி. ஆனால் ரசிகர்கள் விடவில்லை. 'ஏ.டி.கே.யை எடு' என்று பதாகை பிடித்தார்கள். ஊர்வலம் போனார்கள். தங்கள் அணியின் ஆட்டத்துக்கே போகாமல் புறக்கணித்தவர்களும் உண்டு. உயிருக்கு உயிரான அணி ஆடும்போது வெளியே நிற்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசியுங்கள்.

2023 மார்ச் 18. கோவாவில் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம். எதிரணி பெங்களூரு. கூடுதல் நேரம் முடிந்தும் 2க்கு 2. பெனால்டி ஷூட் அவுட்டில் 4க்கு 3 என்று ஜெயித்தார்கள். கோப்பை வந்த அந்த இரவே உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா, ஏ.டி.கே. என்ற எழுத்துகள் நீக்கப்படும், இனி அணியின் பெயர் மோகன் பகான் சூப்பர் ஜயண்ட்ஸ் என்று அறிவித்தார். பின்னால் வேறு சொல் ஒட்டிக்கொண்டது உண்மைதான். ஆனால் மோகன் பகான் என்ற பெயருக்கு முன்னால் இனி எதுவும் இல்லை. எத்தனையோ ரசிகர்களுக்குக் கோப்பையைவிட அந்த அறிவிப்புதான் பெரிசு.

அன்று இரவு பதினொன்றரைக்கு மேல் என் தொலைபேசி ஒலித்தது. நண்பரின் எண். எடுத்தால் அவருடைய மகன். நண்பர் 2021இல், இரண்டாவது கொரோனா அலையில் காலமாகிவிட்டார். "அங்கிள், அப்பா இருந்தால் முதலில் உங்களுக்குத்தான் போன் செய்திருப்பார். அதனால் நான் செய்கிறேன். பெயர் திரும்பி வந்துவிட்டது" என்றான். பின்னால் பட்டாசுச் சத்தம் கேட்டது. இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

நான் அன்றைக்குப் புரிந்துகொண்டது இதுதான். 1911இல் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். காத்தாடியைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். அதைக் காதால் கேட்டவர்கள் அதைவிட நிறையப் பேர். பார்க்காதவர்கள்தான் அந்த நினைவை நூறு வருஷம் தூக்கிவந்தார்கள். அதில் சில தொகை தவறாக இருக்கலாம், சில என்ட்ரிக்கு வவுச்சர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கணக்கு உயிரோடு இருந்தது. அது உயிரோடு இருந்ததால்தான், பெயர் போனபோது இது எங்களுடையது என்று கேட்க ஆள் இருந்தது.

எங்கள் வங்கி ஆரம்பித்த கதை, பழைய மேனேஜர்கள் சொன்னவை, முதல் கிளை இருந்த கட்டிடம், இதையெல்லாம் நாங்கள் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. என் பிள்ளைகளுக்கே தெரியாது. அது வங்கியின் குற்றமில்லை, என் குற்றம்தான். இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

சந்தேஷ் கொண்டுவந்த பையனை மறுநாள் கூப்பிட்டு, 1989ஆம் வருஷத்து உறையைக் காட்டினேன். தபால் தலையை வெகுநேரம் பார்த்தான். பிறகு, "அங்கிள், உங்க ஃப்ரெண்டோட தாத்தா நிஜமாவே மேட்ச் பார்த்தாரா?" என்று கேட்டான். காத்தாடியைப் பற்றியும், பாட்டி சொன்ன காய்ச்சலைப் பற்றியும் சொன்னேன். நன்றாகச் சிரித்தான். "எங்க கொள்ளுத் தாத்தாவும் மரத்து மேல இருந்து பார்த்தாருன்னு அப்பா சொல்வாரு. இன்னைக்குப் போய் ஒழுங்கா விசாரிக்கிறேன்" என்றான்.

விசாரிக்கட்டும். மரத்திலிருந்து பார்த்தாரோ, மரத்தடியில் நின்றாரோ, யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ, எதுவாக இருந்தாலும் தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படி ஏதாவது இருக்கும். கேட்டு எழுதி வையுங்கள். டேலி ஆகிறதா இல்லையா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த ஜூலை 29 அன்று மூன்றாவது மாடியில் இனிப்பு உண்டு. நான் போகிறேன், நீங்களும் வாருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர், பி பிளாக்